சிவப்பு நரியைச் சுட்டவன் யாரென்று எல்லோருக்கும் தெரியும்

1752 மே 14. சாயங்காலம் ஐந்து, ஐந்தரை இருக்கும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் அப்பின் என்ற வட்டாரம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல்கழி, நடுவே லெட்டர்மோர் காட்டுக்குள் புகுந்து போகும் சாலை. அதில் நாலு பேர் வருகிறார்கள். முன்னால் கோர்ட் அமீனா. நடுவில் கிளென்யூர் காலின் கேம்பெல், கூடவே உறவுக்கார வக்கீல் மங்கோ கேம்பெல். கடைசியில் வரவேண்டிய வேலைக்காரர் இன்னும் வந்து சேரவில்லை. எங்கேயோ நழுவி விழுந்துவிட்ட மேல்கோட்டைத் தேடிக்கொண்டு திரும்பிப் போயிருந்தார்.

மலைச்சரிவிலிருந்து ஒரு வெடிச்சத்தம். காலினின் முதுகில் இரண்டு குண்டுகள். என் கதை முடிந்தது, நீங்கள் தப்பித்துக்கொள்ளுங்கள் என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லிவிட்டு அவர் சாய்ந்தார். மங்கோ நிமிர்ந்து பார்த்தபோது, கருத்த குட்டைக் கோட்டு போட்ட ஓர் ஆள் கையில் துப்பாக்கியோடு மேட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை.

கேஸ் அவ்வளவுதான். தமிழ்வாணனின் சங்கர்லாலிடம் போயிருந்தால் ஒரு கோப்பை தேநீர் ஆறுவதற்குள் முடிந்திருக்கும். போகாததால், மேலே உள்ள இரண்டு பத்தியை வைத்துக்கொண்டு இருநூற்றெழுபது வருஷமாகத் துப்பறிந்துகொண்டிருக்கிறார்கள். வக்கீல்கள், வரலாற்றாசிரியர்கள், நாவலாசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள், செத்தவர் வகையறா, சுட்டதாகச் சொல்லப்பட்டவர் வகையறா, சும்மா அந்தப் பக்கம் நடந்து போனவர்கள் என்று இதில் கைவைக்காதவர் இல்லை. இத்தனை பேர் தேடியும் கொலைகாரன் கிடைக்கவில்லையே என்று நாம் பரிதாபப்படக் கூடாது. நிஜத்தில் கொலைகாரன் யாருக்குமே தேவைப்படவில்லை. அதுதான் இந்தக் கேஸின் அழகு.

கொஞ்சம் பின்னால் போவோம். 1745-ல் ஸ்டூவர்ட் அரச வம்சத்து இளவரசர் சார்லஸ், பறிபோன சிம்மாசனத்தை மீட்கிறேன் என்று கிளம்பினார். அப்பின் ஸ்டூவர்ட்களும் அவர் பின்னால் போனார்கள். 1746 ஏப்ரலில் கலோடனில் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துபோனது. அப்பின் படையை நடத்திய ஆர்ட்ஷீல் சார்லஸ் ஸ்டூவர்ட் பிரான்ஸுக்குத் தப்பி ஓடினார். அவர் நிலத்தை அரசாங்கம் ஜப்தி செய்தது. தோற்றவன் நிலத்தில் குத்தகை வசூலிக்க ஜெயித்தவன் காரியஸ்தர் வைப்பது உலக வழக்கம். அதற்கு லண்டன் அரசாங்கம் தேடிப்பிடித்த ஆள், ஸ்டூவர்ட்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆகாத கேம்பெல் வகையறாவைச் சேர்ந்தவர். செந்தலைக் காலின், பட்டப்பெயர் சிவப்பு நரி.

நரி ஆரம்பத்தில் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை. தன்னால் ஊர் ஊராக அலைய முடியாது என்று, உள்ளூர் வசூலுக்கு ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டார். யாரை? ஓடிப்போன ஆர்ட்ஷீலின் சகோதரரை! கிளென் ஜேம்ஸ் என்று ஊரில் பேர். சட்டப்படியான மனைவிக்குப் பிறக்காதவர் என்பதால் சொத்தில் பங்கில்லை, பொறுப்பில் மட்டும் பங்கு உண்டு. ஜேம்ஸ் அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய குத்தகையை வாங்கிக் கொடுத்தார். அதற்கு மேல் குடியானவர்கள் மனமுவந்து கொடுப்பதை பிரான்ஸில் இருக்கும் சகோதரர் குடும்பத்துக்கு அனுப்பிவைத்தார். ஒரே வயலுக்கு இரண்டு ராஜாக்கள், இரண்டு குத்தகை. கொடுத்தவர்களும் முணுமுணுக்கவில்லை, வாங்கியவர்களும் கணக்குக் கேட்கவில்லை. நல்லாட்சி என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் மேலிடத்துக்கு மூக்கில் வியர்த்தது. காலினின் அம்மா கேமரோன் வகையறா. கேமரோன்களும் கலகக்காரர்கள். அம்மா வழிப் பாசத்தில் ஆள் எதிரிகளிடம் நெளிந்து கொடுக்கிறாரோ என்று எழுதிப் போட்டார்கள். விசுவாசத்தைச் சந்தேகித்தால் காரியஸ்தர் என்ன செய்வார்? அடுத்தவன் வீட்டைக் காலி செய்வார். 1751-ல் ஜேம்ஸையே அவர் பண்ணையிலிருந்து கிளப்பினார். அடுத்து ஆர்ட்ஷீல் நிலத்துக் குடியானவர்கள் சிலரை 1752 மே 15 அன்று வெளியேற்ற ஏற்பாடு. ஜேம்ஸ் எடின்பரோவுக்குக் குதிரையில் போய் தடை உத்தரவு வாங்கி வந்தார். அதை மேலே மறுத்துவிட்டார்கள். ஆக, மே 14 சாயங்காலம் அமீனாவோடு காலின் அந்தச் சாலையில் வந்தது மறுநாள் காலை வேலைக்காகத்தான்.

அன்றைக்குப் பலாஹூலிஷ் துறையில் படகேறிக் கழியைத் தாண்டியதும், அப்பாடா, அம்மா ஊர்க்காரர்கள் எல்லையைத் தாண்டிவிட்டோம், இனிப் பயமில்லை என்று காலின் பெருமூச்சு விட்டதாகச் சொல்வார்கள். பயந்தது கேமரோன்களுக்கு. குண்டு வந்தது ஸ்டூவர்ட் பக்கத்தில். ஒற்றைக் கண் படகுக்காரர் ஆர்ச்சிபால்ட் மக்கின்னஸ், வரப்போவதை முன்கூட்டியே காணும் சக்தியுள்ளவர் என்று பெயரெடுத்தவர், அந்த வழி வேண்டாம் என்று எச்சரித்ததாகவும் ஒரு கதை உண்டு. கொலை நடந்த பிறகு எல்லா ஊரிலும் ஒருவர் முன்கூட்டியே எச்சரித்திருப்பார். அந்த வகையில் அப்பினும் குறைவைக்கவில்லை.

இப்போது ஆலன் பிரெக் ஸ்டூவர்ட்டைக் கொண்டுவர வேண்டும். இந்த ஆள் இல்லாவிட்டால் நாவல் இல்லை, சினிமா இல்லை, இந்தக் கட்டுரையும் இல்லை. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அப்பா இல்லாத பிள்ளையை ஜேம்ஸ்தான் வளர்த்தார். வளர்ந்ததும் பையன் அரசாங்கப் படையில் சேர்ந்தான். பிரெஸ்டன்பான்ஸ் சண்டையில் எதிரியிடம் பிடிபட்டு, எதிரி நம்ம ஆள்தானே என்று அந்தப் பக்கமே சேர்ந்துகொண்டான். தோற்றதும் பிரான்ஸுக்குப் போய் அங்கே ராணுவத்தில் சேர்ந்தான். அவ்வப்போது திரும்பி வந்து, பிரெஞ்சுப் படைக்கு ஆள் சேர்ப்பான், ஆர்ட்ஷீலுக்குப் பணம் வசூலிப்பான், மீதி நேரத்தில் குடிப்பான். படையிலிருந்து ஓடியவன் என்ற முறையில் பிடிபட்டால் தூக்கு. தலைமறைவாக இருக்க வேண்டியவன் போட்டுக்கொண்டு திரிந்தது நீலக் கோட்டு, சிவப்பு உள்ளங்கி, இறகு வைத்த தொப்பி. குடித்த இடத்திலெல்லாம் காலினைக் கொல்வேன் என்று சபதம் வேறு.

கொலைக்கு மூன்று நாள் முன்பு ஜேம்ஸ் வீட்டுக்கு வந்தவன், கிளம்பும்போது அந்தப் பளபளப்பைக் கழற்றிவைத்துவிட்டு, வெள்ளிப் பொத்தான் வைத்த கருத்த குட்டைக் கோட்டை மாட்டிக்கொண்டு போனான். மே 14 அன்று தூண்டிலோடு பலாஹூலிஷ் பக்கம் மீன் பிடித்தான். படகுக்காரரிடம் போய், காலின் துறையைத் தாண்டிவிட்டாரா என்று விசாரித்தான். வெடித்த பிறகு ஆளைக் காணோம். குண்டு துளைத்த உடலைத் தவிர இந்தக் கேஸில் கிடைத்த எல்லாமே ஆலன் பிரெக்கைத்தான் காட்டின. துப்பறிகிறவர்களுக்கு இதைவிட எரிச்சலூட்டும் விஷயம் உண்டா? முதல் ஆளே கொலைகாரனாக இருந்தால் மீதிப் பக்கங்களை எதைக்கொண்டு நிரப்புவது? எனவே, இவ்வளவு வெளிப்படையாக மாட்டிக்கொள்கிறவன் நிச்சயம் குற்றவாளியாக இருக்க முடியாது என்று முடிவு செய்தார்கள். ஆலனின் முட்டாள்தனம் அவனுக்கு அலிபியாகிவிட்டது.

ஆள் மலைக்குகைப் பக்கம் ஒளிந்திருந்தான். காட்டுப்புறா இறகைச் சீவிப் பேனாவாக்கி, துப்பாக்கி மருந்தைக் கரைத்து மையாக்கிக் கடிதம் எழுதினான் என்று ஒரு மாட்டுக்காரர் பிறகு சாட்சி சொன்னார். ஜேம்ஸ் ஒரு மூட்டை வியாபாரி மூலம் அவனுக்கு ஐந்து கினிக் காசும், கழற்றிவைத்த பிரெஞ்சு உடுப்பும் அனுப்பினார். ஆலன் கடல் தாண்டிவிட்டான். காசு அனுப்பியவர் வீட்டிலேயே இருந்தார்.

அவ்வளவு போதாதா? மே 16-ஆம் தேதியே ஜேம்ஸைக் கைது செய்துவிட்டார்கள். செய்தி கொண்டுவந்த வேலைக்காரரிடம் ஜேம்ஸ் கையைப் பிசைந்துகொண்டு புலம்பினார், ஆனால் பிணத்தைப் பார்க்கப் போகவில்லை என்பதும் குற்றச்சாட்டில் சேர்ந்தது. போயிருந்தால் தடயத்தை அழிக்கப் போனார் என்பார்கள். அவர் வீட்டில் பிடித்த துப்பாக்கிகளில் ஒன்றின் பூட்டைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். அதை வைத்துக் காட்டுக்கோழி சுடுவதற்கே பல தடவை முயல வேண்டும். முதுகில் இரண்டு குண்டையும் ஒரே இடத்தில் இறக்கியவன் அந்த ஆயுதத்தோடு வந்திருந்தால் அவன் குறிபார்ப்பவன் இல்லை, சித்தர்.

ஃபோர்ட் வில்லியம் சிறையில் ஜேம்ஸை வக்கீலைப் பார்க்கவிடாமல் வாரக்கணக்கில் வைத்திருந்தார்கள். இதற்கிடையில் பிரிட்டன் பழைய நாட்காட்டியைக் கைவிட்டுப் புதியதற்கு மாறியது. 1752 செப்டம்பர் 2-ஆம் தேதி படுத்தவர்கள் 14-ஆம் தேதி எழுந்தார்கள். வழக்குக்குத் தயாராக ஏற்கெனவே நேரம் இல்லாதவரிடமிருந்து அரசாங்கம் காலண்டரிலும் பதினொரு நாளைக் கழித்துக்கொண்டது.

விசாரணை செப்டம்பர் 21-ஆம் தேதி இன்வரரியில். இன்வரரி என்பது கேம்பெல் வகையறாவின் தலைவரான ஆர்கைல் டியூக்கின் சொந்த ஊர். அதனால் என்ன, நீதிபதி நடுநிலையாக இருந்தால் சரி என்பீர்கள். பிரதான நீதிபதியாக வந்து உட்கார்ந்ததே ஆர்கைல் டியூக்தான். சரி, ஜூரி இருக்கிறார்களே? பதினைந்து பேர். அதில் பதினொரு பேர் கேம்பெல். மீதி நாலு பேர் எப்படி உள்ளே வந்தார்கள் என்பதுதான் என் கணிப்பில் இந்த வழக்கின் தீராத மர்மம். அரசுத் தரப்பில் தலைமை வழக்கறிஞர் வில்லியம் கிராண்ட் நேரிலேயே வந்துவிட்டார். அவர் அந்தஸ்துக்கு இப்படிச் சுற்றுக் கோர்ட்டுக்கு வருவது வழக்கமில்லை. கல்யாண வீட்டுக்குப் பெரிய மனிதர்கள் வந்து நிற்பது போல எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பாடு மட்டும்தான் இல்லை. ஏறக்குறைய ஐம்பது மணி நேரம் ஒரே மூச்சாக நடத்தினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஜூரர் குறுக்கிட்டு, ஐயா சீக்கிரம் முடியுங்கள், களைத்துப் போய்விட்டோம் என்றார். அவர் பெயரும் கேம்பெல்தான், சந்தேகம் வேண்டாம்.

சட்டச் சிக்கல் ஒன்று இருந்தது. ஜேம்ஸ் சுட்டதாக யாரும் சொல்லவில்லை. ஆலனுக்கு உடந்தை என்பதுதான் குற்றச்சாட்டு. ஆனால் ஆலன் குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. ஆளே இல்லை, சொல்வதெப்படி? அசலுக்குத் தீர்ப்பாகாமலே நகலைத் தூக்கில் போடலாமா? போடலாம் என்றார்கள். டியூக் தண்டனையை வாசிக்கும்போது, 1745 கலகத்தில் உங்கள் பக்கம் ஜெயித்திருந்தால் இன்றைக்கு நீ இங்கே சட்டம் சொல்லிக்கொண்டிருப்பாய் என்கிற ரீதியில் பேசினார். அதாவது, இது கொலை வழக்கு அல்ல, ஏழு வருஷத்துப் பழைய பாக்கி என்று நீதிபதியே ஒப்புக்கொண்டார். இருநூற்றெழுபது வருஷத் துப்பறிதலில் கிடைத்த ஒரே வாக்குமூலம் இதுதான். அதைத் திறந்த கோர்ட்டில் கொடுத்தவரை யாரும் சந்தேகிக்கவில்லை.

பலாஹூலிஷ் துறையைப் பார்த்த குன்றில் தூக்குமரம் நட்டார்கள். நவம்பர் 8-ஆம் தேதி தண்டனையை நிறைவேற்றினார்கள். ஜேம்ஸ் நீண்ட உரை ஒன்றை வாசித்து, தனக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்லி, முப்பத்தைந்தாம் சங்கீதத்தை ஓதினார். அப்பின் பக்கம் அது அவருடைய சங்கீதம் என்றே பெயர் பெற்றுவிட்டது. உடலைச் சங்கிலியில் தொங்கவிட்டுக் காவலுக்குச் சிப்பாய்களைப் போட்டார்கள். 1755-ல் எலும்புக்கூடு காற்றில் விழுந்தபோது, மறுபடி கம்பியால் கட்டி ஏற்றிவைத்தார்கள். செத்தவரை இவ்வளவு கவனமாகக் காவல் காத்த அரசாங்கம், தப்பியோடிய ஆலனைப் பிடிக்க அதில் பாதி அக்கறை காட்டியிருக்கலாம்.

பிடிக்க ஒருவர் முயன்றதாகச் சேதி உண்டு. சர் வால்டர் ஸ்காட் 'ராப் ராய்' நாவலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ராப் ராயின் மகன் ஜேம்ஸ் மோர் மெக்ரெகர் தன் பேரிலிருந்த வழக்குகளிலிருந்து மன்னிப்பு வாங்குவதற்காக, ஆலனைப் பிடித்துத் தருகிறேன் என்று அரசாங்கத்திடம் பேரம் பேசினார். ஆலன் மோப்பம் பிடித்துத் தப்பிவிட்டான். போகும்போது தன் பையிலிருந்த துணிமணிகளையும் நாலு பொடிடப்பிகளையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டான் என்பது ஜேம்ஸ் மோரின் புகார். கொலைகாரனா என்பது தெரியாது, பொடிடப்பித் திருடன் என்ற அளவில் கேஸ் முடிந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரீஸில் ஒல்லியாக, உயரமாக, கடுகடுவென்று ஒரு கிழவரை ஸ்காட்டின் நண்பர் பார்த்ததாகவும், அவர்தான் ஆலன் என்றும் அதே முன்னுரை சொல்கிறது.

இனி அமெச்சூர் துப்பறிவாளர்கள் உலகம். இவர்களில் குண்டுக் கட்சி ஒன்று. இரண்டு குண்டு என்றால் இரண்டு துப்பாக்கியா, ஒரே குழலில் இரண்டு குண்டு போட்டதா? கோட்டுக் கட்சி இன்னொன்று. கருத்த குட்டைக் கோட்டு அந்த வட்டாரத்தில் எத்தனை பேரிடம் இருந்தது? மூன்றாவது, மங்கோவையே முறைத்துப் பார்க்கிற கட்சி. பக்கத்தில் இருந்த ஒரே சாட்சி அவன்தானே என்பார்கள். சார்ஜன்ட் மோர் என்ற கேமரோன் கொள்ளைக்காரன்தான் என்பவர்களும் உண்டு. ஆனால் இவர்களையெல்லாம் ஏழை உறவுக்காரர்கள் மாதிரி ஒதுக்கிவிட்டு நடு ஹாலில் உட்கார்ந்திருப்பது வேறொரு கூட்டம்: பெயர் தெரிந்தவர்கள்.

சுட்டவன் பெயர் ஸ்டூவர்ட் குடும்பங்களில் அப்பா பிள்ளைக்குச் சொல்லி, பிள்ளை பேரனுக்குச் சொல்லி, ரகசியமாக வந்துகொண்டிருக்கிறது என்பது ஐதீகம். ஜேம்ஸைத் தூக்கிலிட்ட அன்று நிஜக் கொலைகாரன், நானே போய்ச் சரணடைகிறேன் என்று துடித்தானாம். சொந்தக்காரர்கள் பிடித்துக் கட்டிப்போட்டார்களாம். கதை கேட்க நெஞ்சை அடைக்கிறது. ஆனால் கட்டிப்போட்டவர்களுக்கு, கட்டுண்டவனுக்கு, அதைப் பார்த்தவர்களுக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்த விஷயத்தை ரகசியம் என்று சொல்லும் துணிச்சல் மலைநாட்டுக்காரர்களுக்குத்தான் வரும்.

1886-ல் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 'கிட்நாப்ட்' எழுதினார். கொலையை ஒரு வருஷம் முன்னால் தள்ளி 1751-க்குக் கொண்டுபோனார். தன் கதாநாயகப் பையனைக் கரெக்டாக லெட்டர்மோரில் நிறுத்தி, காலினிடம் வழி கேட்க வைத்து, அந்த நேரம் பார்த்துக் குண்டைப் போட்டார். ஆலனை வீரனாக்கி, நிரபராதியுமாக்கினார். நூலின் சமர்ப்பணத்தில், சுட்ட அந்த மற்றொருவனின் வம்சத்தார் இன்றும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள், பெயர் மட்டும் கேட்டாலும் கிடைக்காது என்று போகிறபோக்கில் தூவிவிட்டுப் போனார். இந்த ஒரு வாக்கியம் போதும், நூறு வருஷத்துக்கு ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வர.

அடுத்து ஆண்ட்ரூ லாங். பல நாட்டுத் தேவதைக் கதைகளைத் தொகுத்த மனிதர். 1904-ல் வந்த 'வரலாற்று மர்மங்கள்' நூலில் ஆலன் பிரெக்குக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். சாட்சியங்களை அலசினார், தூரத்தை அளந்தார், துப்பாக்கியைத் துருவினார். கடைசியில் தனக்கு அந்த ரகசியம் தெரியும், ஆனால் வெளியிட முடியாது என்று கைகழுவிவிட்டார். காசு கொடுத்துப் புத்தகம் வாங்கினவன் கதி என்ன? இதையே ஒரு மாத நாவல் எழுத்தாளர் கடைசிப் பக்கத்தில் செய்திருந்தால் வாசகர்கள் வீட்டைத் தேடி வந்திருப்பார்கள். லாங் செய்தால் கண்ணியம்.

ரகசியத்தை ஒருவழியாக 2001-ல் ஒருவர் உடைத்தார். ஸ்டூவர்ட் வம்சத்தில் வந்த 89 வயது மூதாட்டி. இனி யாருக்குப் பயப்பட வேண்டும் என்ற வயது. நாலு இளம் ஸ்டூவர்ட் பண்ணையார்கள் கூடித் திட்டம் போட்டார்கள், யார் குறி தப்பாமல் சுடுகிறவர் என்று தங்களுக்குள் போட்டி வைத்தார்கள், ஜெயித்தவர் பலாஹூலிஷ் டொனால்ட் ஸ்டூவர்ட், அவர்தான் சுட்டார், ஜேம்ஸுக்கு இதில் தொடர்பில்லை என்று சொன்னார். இருநூற்று நாற்பத்தொன்பது வருஷம் வாய்க்கு வாய் வந்த பெயர் வெளியே வந்துவிட்டது. கேஸ் முடிந்ததா? முடியவில்லை. பெயர் தெரியாதவரைக்கும் எல்லோரும் நம்பினார்கள். சொன்ன பிறகு ஆதாரம் கேட்டார்கள். பாட்டி என்ன செய்வார், டொனால்டைக் கூப்பிட்டு வரவா முடியும்?

2008-ல் கிளாஸ்கோ வழக்கறிஞர் ஒருவர் ஸ்காட்லாந்தின் குற்ற வழக்கு மறுஆய்வு ஆணையத்துக்குப் போனார். ஜேம்ஸுக்கு எதிராகச் சாட்சியமே இல்லை, தீர்ப்பை மறுபரிசீலனை செய்யுங்கள் என்றார். வழக்கு ரொம்பப் பழசு, இதைத் திறப்பது நீதியின் நலனுக்குத் தேவையில்லை என்று ஆணையம் மறுத்துவிட்டது. 1752-ல் அவசரம் என்றார்கள், 2008-ல் தாமதம் என்றார்கள். இடையில் எந்த வருஷம் போயிருந்தால் சரியான நேரமாக இருந்திருக்கும் என்பதை ஆணையம் தெளிவுபடுத்தியிருக்கலாம்.

யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. டியூக்குக்கு ஒரு ஸ்டூவர்ட் கழுத்து வேண்டியிருந்தது, கிடைத்தது. ஸ்டூவர்ட்களுக்கு ஒரு தியாகி கிடைத்தார். தூக்குமரம் இருந்த குன்றில் 1911-ல் நினைவுக்கல் வைத்து, செய்யாத குற்றத்துக்காக இங்கே தூக்கிலிடப்பட்டார் என்று கல்லிலேயே தீர்ப்பைத் திருத்திவிட்டார்கள். ஆணையத்தின் அனுமதியெல்லாம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஸ்டீவன்சனுக்கு ஒரு வீரன், ஆலனுக்கு நாலு பொடிடப்பி. காலின் கேம்பெலுக்கு மட்டும் லெட்டர்மோர் காட்டுக்குள் ஒரு கற்குவியல். அவரைச் சுட்டது யார் என்று கேட்க வருகிறவர்கள்கூட அவரைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை.

பலாஹூலிஷ் பக்கம் போகிறவர்கள் படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, 1975-லேயே பாலம் வந்துவிட்டது. பாலத்தின் தென்கரையில் நினைவுக்கல்லைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் எந்த மதுக்கடையிலாவது வயதான உள்ளூர்க்காரராகப் பார்த்து உட்காருங்கள். சுட்டவன் பெயர் தெரியுமா என்று கேளுங்கள். தெரியும் என்பார். முதல் கோப்பைக்குச் சொல்ல மாட்டார். இரண்டாவதுக்கும் மாட்டார். மூன்றாவதுக்கு, ஆலன் பிரெக் இல்லை என்பது வரைக்கும் சொல்வார்.